குறைந்த உரிமை உள்ள யூசராக இருந்தே டேட்டாபேஸின் பெயரைக் கண்டுபிடிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிப்போர்ட் எடுக்க மட்டும் ஒரு லாகின் கொடுத்திருப்பார்கள். நுழைந்ததும் முதல் சந்தேகம்: இது எந்த டேட்டாபேஸ்? லைவா (நிஜ வேலை ஓடுவதா), டெஸ்டா (சோதனைக்கானதா)? எங்கிருந்தோ எடுத்த குவெரியைப் போட்டால் பிழைச் செய்திதான் வருகிறது. அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இந்தப் பக்கம். சிக்கல் ஆரக்கிளில்தான் அதிகம் என்பதால் அதற்கே இடமும் அதிகம். மற்றவற்றில் வேலை ஒரு வரியில் முடிந்துவிடும்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அடிக்கோடு, டாலர், அடைப்புக்குறி, மேற்கோள் ஆகிய குறிகள் இங்கே உள்ளபடியே வரும்.

பெயரைத் தெரிந்துகொள்ள டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) உரிமை வேண்டுமா?

வேண்டாம். நிற்கிற வீட்டின் கதவு எண்ணைப் படிக்கச் சாவி எதற்கு? நீங்கள் இணைந்திருக்கும் டேட்டாபேஸின் பெயர் உங்கள் செஷனை, அதாவது இப்போதைய இணைப்பைப் பற்றிய தகவல். அதைச் சொல்ல எல்லா முக்கிய டேட்டாபேஸ்களிலும் உரிமை கேட்காத ஒரு வழி இருக்கிறது. உரிமை தேவைப்படுவது சர்வரின் உள் விவரங்களுக்கு: எப்போது உருவானது, லாக் எந்த நிலையில் இருக்கிறது, வேறு யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்பது போன்றவற்றுக்கு. பலர் இந்த இரண்டாவது வகைக் குவெரியைப் போட்டுவிட்டு, பெயரைப் பார்க்கக்கூட அனுமதி இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

ஆரக்கிளில் "செலக்ட் நேம் ஃப்ரம் வி$டேட்டாபேஸ்" என்று போட்டால், அப்படி டேபிளோ வியூவோ இல்லை என்கிறதே?

ஓஆர்ஏ-00942 என்ற எண்ணோடு வரும் செய்தி அது. வியூ (டேபிளைப் போலவே படிக்கக்கூடிய ஒரு பார்வை) இல்லாமல் இல்லை. உங்களுக்குக் காட்டப்படவில்லை, அவ்வளவுதான். ஒரு பொருள் இருக்கிறது, ஆனால் உனக்கு அனுமதி இல்லை என்று சொன்னால் அது இருப்பதே வெளியே தெரிந்துவிடும் அல்லவா? அதனால் ஆரக்கிள் இரண்டு நிலைக்கும் ஒரே பதிலைத் தருகிறது. புதியவர்கள் எழுத்துப் பிழையோ என்று அரைமணி நேரம் தேடுவது இதனால்தான்.

உள்ளே நடப்பது இது. வி$டேட்டாபேஸ் என்பது எல்லோருக்கும் பொதுவான ஒரு சினானிம், அதாவது மாற்றுப்பெயர். அது சுட்டுவது ஆரக்கிளின் உள் பொருள்களை வைத்திருக்கும் சிஸ் யூசருக்குச் சொந்தமான வி_$டேட்டாபேஸ் என்ற வியூவை. மாற்றுப்பெயர் எல்லோருக்கும் உண்டு, வியூவைப் படிக்கும் உரிமை எல்லோருக்கும் இல்லை. வி$இன்ஸ்டன்ஸ், வி$பாராமீட்டர் எல்லாம் இதே கதைதான்.

அப்படியானால் ஆரக்கிளில் எந்தக் குவெரி?

இது:

செலக்ட் சிஸ்_கான்டெக்ஸ்ட்('யூசர்என்வ்', 'டிபி_நேம்') ஃப்ரம் டூயல்;

லாகின் ஆக முடிந்த எந்த யூசருக்கும் இது பதில் தரும். தனியாக எந்த கிராண்டும் (உரிமை வழங்கலும்) வேண்டாம். டூயல் என்பது இதுபோன்ற கேள்விகளுக்காக ஆரக்கிளிலேயே இருக்கும் ஒற்றை வரிசை டேபிள். யூசர்என்வ் என்பதை இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகத் தட்டுங்கள். இரண்டாவது மேற்கோளுக்குள் இருப்பதை மாற்றினால் வேறு தகவல்கள் வரும். 'செஷன்_யூசர்' என்றால் நீங்கள் யாராக நுழைந்திருக்கிறீர்கள் என்பது, 'கரன்ட்_ஸ்கீமா' என்றால் எந்த ஸ்கீமாவில் (ஒரு யூசரின் டேபிள்கள் இருக்கும் தொகுப்பில்) நிற்கிறீர்கள் என்பது, 'சர்வர்_ஹோஸ்ட்' என்றால் டேட்டாபேஸ் ஓடும் இயந்திரத்தின் பெயர். வெறும் 'ஹோஸ்ட்' என்று கேட்டுவிடாதீர்கள். நீங்கள் எங்கிருந்து இணைந்தீர்களோ அந்த இயந்திரத்தின் பெயரை அது தரும். சொந்த லேப்டாப்பின் பெயரை சர்வர் பெயர் என்று நினைத்து மெயிலில் அனுப்பியவர்கள் உண்டு.

இன்னொரு வழியும் இருக்கிறது:

செலக்ட் * ஃப்ரம் குளோபல்_நேம்;

ஒரே ஒரு வரிசை, ஒரே ஒரு நெடுவரிசை. எல்லோருக்கும் படிக்கும் உரிமை உண்டு. சுருக்கமாக இருப்பதால் பழைய ஆட்கள் விரல் தானாக இதைத்தான் தட்டும். டிரிக்கர்களுக்காக (ஒரு நிகழ்வு நடந்ததும் தானாக ஓடும் கோடுகளுக்காக) வந்த ஓஆர்ஏ_டேட்டாபேஸ்_நேம் என்ற ஃபங்ஷனையும் டூயலில் செலக்ட் செய்து பார்க்கலாம். ஆனால் மற்ற இரண்டும் இருக்கும்போது அதற்குத் தேவை வராது.

குளோபல்_நேம் சொல்வதை அப்படியே நம்பலாமா?

நம்புவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த டேட்டாபேஸ் வேறொன்றின் நகலா?

குளோபல் நேம் முதலில் டிபி_நேம், டிபி_டொமைன் இரண்டும் சேர்ந்து உருவாகும். அதற்குப் பிறகு அது டேட்டாபேஸ் தன்னைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் டேட்டா டிக்ஷனரிக்குள் தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும் ஒரு மதிப்பு. டேட்டாபேஸின் பெயரை மாற்றினால் அது கூடவே மாறுவதில்லை. "ஆல்டர் டேட்டாபேஸ் ரீநேம் குளோபல்_நேம் டு" என்று தனியாக மாற்ற வேண்டும். லைவிலிருந்து டேட்டா ஃபைல்களை நகலெடுத்து டெஸ்ட் ஒன்றை எழுப்பும்போது இந்த மதிப்பும் கூடவே வந்துவிடும். நகலெடுத்தவர் அந்த ஒரு வரியை மறந்தால், டெஸ்டில் உட்கார்ந்துகொண்டு குளோபல்_நேம் கேட்பவருக்கு லைவின் பெயரே பதிலாக வரும்.

டெஸ்ட் லைவைப் போலத் தோன்றினால் பயம் மட்டும்தான் மிச்சம். ஆனால் குளோபல்_நேம் லைவைக் காட்டினாலும் இது டெஸ்ட்தான் என்று ஒருமுறை பழகிவிட்டால், உண்மையான லைவில் நிற்கும் நாளிலும் அதே அலட்சியத்தோடு டெலீட் போட்டுவிடுவோம். அதனால் சிஸ்_கான்டெக்ஸ்ட் வழியை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வெவ்வேறு பதில் தந்தால் டிபிஏவிடம் சொல்லிவிடுங்கள், அவருக்கும் உதவியாக இருக்கும்.

டிபி_நேம், டிபி_யுனிக்_நேம், இன்ஸ்டன்ஸ்_நேம், சர்வீஸ்_நேம்... இதில் எதுதான் பெயர்?

எல்லாமே பெயர்கள்தான், ஒவ்வொன்றும் வேறொன்றின் பெயர். இந்த நான்கையும் சிஸ்_கான்டெக்ஸ்டிலேயே கேட்கலாம்.

டிபி_நேம் என்பது டேட்டாபேஸின் அடிப்படைப் பெயர். எட்டு எழுத்துக்கு மேல் போகாது. ஸ்டாண்ட்பை (முதன்மையான பிரைமரிக்கு மாற்றாகத் தயாராக இருக்கும் நகல்) வைத்திருக்கும் இடங்களில் பிரைமரிக்கும் ஸ்டாண்ட்பைக்கும் டிபி_நேம் ஒன்றாகவே இருக்கும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது டிபி_யுனிக்_நேம். ஸ்டாண்ட்பையில் ரிப்போர்ட் ஓட்டுகிறவர் டிபி_நேமை மட்டும் பார்த்தால் பிரைமரியில் இருப்பதாகவே தோன்றும். சந்தேகம் இருந்தால் 'டேட்டாபேஸ்_ரோல்' என்று கேளுங்கள், பிரைமரியா ஸ்டாண்ட்பையா என்று நேராகவே சொல்லிவிடும்.

இன்ஸ்டன்ஸ் என்பது நினைவகத்தில் ஓடும் புரோசஸ்களின் தொகுதி. ஆர்ஏசி கிளஸ்டரில் (பல இயந்திரங்கள் சேர்ந்த அமைப்பில்) ஒரே டேட்டாபேஸை பல இன்ஸ்டன்ஸ்கள் திறந்திருக்கும். காலையில் ஒன்றிலும் மாலையில் இன்னொன்றிலும் போய் நிற்பீர்கள். இன்ஸ்டன்ஸ் பெயர் மாறியதால் டேட்டாபேஸே மாறிவிட்டது என்று பதற வேண்டாம்.

சர்வீஸ்_நேம் நீங்கள் எந்த வாசல் வழியாக வந்தீர்கள் என்பதைச் சொல்லும். ஒரு டேட்டாபேஸுக்கு எத்தனை வாசல் வேண்டுமானாலும் வைக்கலாம்.

யாராவது டேட்டாபேஸ் பெயர் என்ன என்று கேட்டால், எதற்காகக் கேட்கிறார் என்று திருப்பிக் கேளுங்கள். கனெக்ஷன் அமைக்கிறவருக்கு சர்வீஸ் பெயர் வேண்டும். பேக்கப் பார்க்கிறவருக்கு டிபி_நேம் வேண்டும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுத்தால் இருவருமே திரும்ப உங்களிடம்தான் வருவார்கள்.

மல்டிடெனன்ட் ஆரக்கிளில்?

12சி பதிப்பிலிருந்து ஒரு பெரிய கன்டெய்னர் டேட்டாபேஸுக்குள் பல பிளக்கபிள் டேட்டாபேஸ்கள் இருக்கலாம். சாதாரண அப்ளிகேஷன் யூசர் நிற்பது அவற்றில் ஒன்றில். அங்கே 'கான்_நேம்' என்று கேட்டால் உங்கள் கன்டெய்னரின் பெயரும், 'சிடிபி_நேம்' என்று கேட்டால் அதைச் சுமக்கும் பெரிய டேட்டாபேஸின் பெயரும் வரும். ஆரக்கிளின் கட்டளைக் கருவியான எஸ்க்யூஎல் பிளஸில் "ஷோ கான்_நேம்" என்றாலே போதும்.

டிஎன்எஸ்நேம்ஸ் ஃபைலில் (ஆரக்கிள் இணைப்பு முகவரிகளை எழுதிவைக்கும் ஃபைலில்) இருக்கும் பெயரைக் கொடுத்துத்தான் நுழைந்தேன். அதுதானே டேட்டாபேஸ் பெயர்?

இல்லை. அது உங்கள் இயந்திரத்தில் யாரோ எழுதிவைத்த செல்லப்பெயர். டெஸ்ட் என்ற தலைப்புக்குக் கீழே லைவின் முகவரியை ஒட்டிவைத்தால் ஆரக்கிள் மறுப்பு சொல்லாமல் லைவுக்கே கூட்டிப்போகும். எஸ்க்யூஎல் பிளஸின் பிராம்ப்டில் _கனெக்ட்_ஐடென்டிஃபையர் என்ற மாறியைக் காட்டும்படி அமைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: அது காட்டுவது நீங்கள் தட்டிய பெயரை, சர்வர் சொன்ன பெயரை அல்ல.

உரிமை வாங்கிவிட்டேன், கையால் போட்டால் வி$டேட்டாபேஸ் வேலை செய்கிறது. ஷெல் ஸ்கிரிப்டில் போட்டால் மறுபடி ஓஆர்ஏ-00942. ஏன்?

இது அழகான சிக்கல். ஸ்கிரிப்டில் எஸ்க்யூஎல் பிளஸுக்கு ஹியர்-டாக் (ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிய உள்ளீட்டு வரிகள்) வழியாகக் குவெரியை அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். டாலர் குறியைக் கண்டதும் ஷெல், $டேட்டாபேஸ் என்பது தன்னுடைய மாறி என்று எடுத்துக்கொள்கிறது. அப்படி ஒரு மாறி இல்லாததால் அந்த இடத்தை வெறுமையாக்கிவிடுகிறது. ஆரக்கிளுக்குப் போய்ச் சேர்வது "செலக்ட் நேம் ஃப்ரம் வி" மட்டும். வி என்று ஒரு டேபிள் கிடையாது. அதனால் அதே பிழை எண். உரிமைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

டாலருக்கு முன் ஒரு பின்சாய்கோடு போடுங்கள், அல்லது ஹியர்-டாக் தொடங்கும் சொல்லை ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள். சிஸ்_கான்டெக்ஸ்டில் டாலரே இல்லை என்பதால் இந்தத் தொல்லையும் இல்லை.

பிராம்ப்டில் வேலை செய்யும் குவெரி, ஸ்டோர்டு புரொசீஜருக்குள் (டேட்டாபேஸிலேயே சேமித்த நிரலுக்குள்) போட்டால் கம்பைல் ஆகவில்லையே?

உரிமை உங்களுக்கு ரோல் (உரிமைகளின் தொகுப்பு) வழியாக வந்திருக்கும். வழக்கமான புரொசீஜர்கள் எழுதியவரின் உரிமையில் ஓடும் வகை. அவற்றுக்குள் ரோல் வழியாக வந்த உரிமைகள் செல்லாது. நேரடி கிராண்ட் வேண்டும். பெயர் மட்டும் போதும் என்றால் டூயல்கூட இல்லாமல் ஒரு மாறிக்கு சிஸ்_கான்டெக்ஸ்டின் பதிலை நேராகக் கொடுத்துவிடுங்கள்.

போஸ்ட்கிரெஸில்?

செலக்ட் கரன்ட்_டேட்டாபேஸ்();

யார் வேண்டுமானாலும் போடலாம். அடைப்புக்குறி இல்லாமல் கரன்ட்_கேட்டலாக் என்றாலும் அதே பதில். பிஎஸ்க்யூஎல் கிளையன்ட்டுக்குள் இருந்தால் \கான்இன்ஃபோ என்று தட்டுங்கள். டேட்டாபேஸ், யூசர், ஹோஸ்ட், போர்ட் எல்லாம் சேர்ந்து வரும். பிஜிபவுன்சர் போன்ற பூலர் (கனெக்ஷன்களைப் பகிர்ந்து கொடுக்கும் மென்பொருள்) நடுவில் இருந்தால் கனெக்ஷனில் கொடுத்த பெயர் பூலரில் வைத்த மாற்றுப்பெயராக இருக்கலாம். கரன்ட்_டேட்டாபேஸ் சொல்வதே பின்னால் இருக்கும் உண்மையான பெயர்.

போஸ்ட்கிரெஸில் பலருக்கு வியப்பளிக்கும் ஒரு விஷயம்: பிஜி_டேட்டாபேஸ் என்ற கேட்டலாக்கை (உள் பட்டியலை) இயல்பாக எல்லா யூசரும் படிக்கலாம். நுழைய அனுமதி இல்லாத டேட்டாபேஸ்களின் பெயர்களும் அதில் தெரியும். வாடிக்கையாளரின் பெயரை டேட்டாபேஸ் பெயராக வைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஒரு வாடிக்கையாளரின் லாகின் மற்ற எல்லா வாடிக்கையாளரின் பட்டியலையும் பார்த்துவிடும்.

நான் டேட்டாபேஸ் பெயரே கொடுக்கவில்லை. என் யூசர் பெயரில் டேட்டாபேஸ் இல்லை என்று போஸ்ட்கிரெஸ் ஏன் சொல்கிறது?

பெயர் கொடுக்காவிட்டால் யூசர் பெயரையே டேட்டாபேஸ் பெயராக எடுத்துக்கொள்வது அதன் வழக்கம். போஸ்ட்கிரெஸ் என்ற பெயரிலேயே பொதுவாக ஒரு டேட்டாபேஸ் இருக்கும். அனுமதி இருந்தால் அதில் நுழைந்து \எல் என்று தட்டிப் பட்டியலைப் பாருங்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் "செலக்ட் டேட்டாபேஸ்();" போட்டால் நல் (மதிப்பு ஏதும் இல்லை) என்று வருகிறது. உரிமைப் பிரச்சினையா?

இல்லை. நீங்கள் இன்னும் எந்த டேட்டாபேஸையும் தேர்ந்தெடுக்கவில்லை. மைஎஸ்க்யூஎல்லில் சர்வரில் நுழைவது ஒன்று, டேட்டாபேஸைத் தேர்வது இன்னொன்று. "யூஸ்" போட்ட பிறகு பெயர் வரும். மரியாடிபியிலும் இப்படித்தான்.

எதைத் தேர்வது என்றே தெரியவில்லை என்றால் "ஷோ டேட்டாபேசஸ்" போடுங்கள். சர்வர் முழுவதற்குமான ஷோ டேட்டாபேசஸ் உரிமை இல்லாதவருக்கு, ஏதாவது ஓர் உரிமை உள்ள டேட்டாபேஸ்கள் மட்டும் தெரியும். சில இடங்களில் அந்தக் கட்டளையையே முடக்கியிருப்பார்கள். அப்போது "ஷோ கிராண்ட்ஸ்" கைகொடுக்கும். சொந்த உரிமைகளைப் பார்க்கத் தனி அனுமதி தேவையில்லை. அந்த வரிகளில் எந்த டேட்டாபேஸின் மீது உரிமை என்பதும் எழுதியிருக்கும்.

பிழை எண்களும் நிலைமையைச் சொல்லும். 1045 என்றால் லாகினே தவறு. 1044 என்றால் லாகின் சரி, அந்த டேட்டாபேஸுக்கு அனுமதி இல்லை. 1049 என்றால் அப்படி ஒரு டேட்டாபேஸ் இல்லை. 1046 என்றால் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை.

ஸ்டோர்டு புரொசீஜருக்குள் டேட்டாபேஸ்() கேட்டால், அழைத்தவர் நின்ற டேட்டாபேஸ் வராது. அந்தப் புரொசீஜர் எந்த டேட்டாபேஸுக்கு உரியதோ அதன் பெயரே வரும்.

எஸ்க்யூஎல் சர்வரில்?

செலக்ட் டிபி_நேம்();

அடைப்புக்குறிக்குள் ஒன்றும் வேண்டாம். கனெக்ஷன் ஸ்டிரிங்கில் முதலில் எந்த டேட்டாபேஸைக் கொடுத்தீர்கள் என்பதை ஒரிஜினல்_டிபி_நேம்() சொல்லும். நடுவில் யூஸ் போட்டு இடம் மாறியிருந்தால் இரண்டும் வேறாக இருக்கும். பதில் மாஸ்டர் என்று வந்தால், பெயர் கொடுக்காமல் நுழைந்திருக்கிறீர்கள், உங்கள் லாகினின் டிஃபால்ட் அதுவாக இருக்கிறது என்று பெரும்பாலும் பொருள்.

மற்ற டேட்டாபேஸ்களின் பெயர்கள் சிஸ்.டேட்டாபேசஸில் இருக்கும். வியூ எனி டேட்டாபேஸ் என்ற உரிமை இயல்பாகவே பப்ளிக் ரோலுக்கு உண்டு. ஆகவே எல்லா லாகினுக்கும் பட்டியல் தெரியும். அதை மறுத்துவைத்திருக்கும் சர்வரில் மாஸ்டரும் டெம்ப்டிபியும் உங்களுக்குச் சொந்தமானவையும் மட்டுமே தெரியும். இணைந்து நிற்கும் டேட்டாபேஸ் மட்டும் எப்போதும் தெரியும். பட்டியலில் இல்லை என்பதால் நுழைய முடியாது என்று அர்த்தமில்லை. பெயர் தெரிந்தால் கனெக்ஷனில் நேராகக் கொடுத்துப் பாருங்கள்.

சர்வர் பெயருக்கு @@சர்வர்நேம் பயன்படுத்துகிறவர்கள் கவனம்: இயந்திரத்தின் பெயரை மாற்றிய பிறகு எஸ்க்யூஎல் சர்வருக்குள்ளும் முறையாகத் திருத்தாவிட்டால் அது பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும்.

டிபி2, எஸ்க்யூலைட், மோங்கோடிபி?

டிபி2-வில் "வேல்யூஸ் கரன்ட் சர்வர்". எஸ்க்யூலைட்டில் யூசர் உரிமை என்பதே இல்லை, ஃபைலைப் படிக்கும் உரிமைதான் எல்லாம். "பிராக்மா டேட்டாபேஸ்_லிஸ்ட்" போட்டால் திறந்திருக்கும் ஃபைலின் பாதையைக் காட்டும். மோங்கோ ஷெல்லில் வெறுமனே டிபி என்று தட்டினால் பெயர் வரும். ஆனால் அங்கே இல்லாத பெயரை யூஸ் செய்தாலும் பிழை வராது. தவறாகத் தட்டிய பெயரையே அது சாதுவாகத் திருப்பிச் சொல்லும்.

எல்லா டேட்டாபேஸுக்கும் பொதுவாக ஒரே ஜாவா வரி இருக்கிறதா?

கிட்டத்தட்ட. ஜாவா டேட்டாபேஸோடு பேசும் ஜேடிபிசி கனெக்ஷனில் கெட்கேட்டலாக்() கேட்டால் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றிலும் டேட்டாபேஸ் பெயர் வரும். ஆரக்கிளில் நல் வரும். அதற்குத் தனியாக சிஸ்_கான்டெக்ஸ்ட் எழுதுங்கள். மெட்டாடேட்டாவில் கிடைக்கும் யூஆர்எல்லைப் பிரித்துப் பெயரெடுக்கும் கோடை நிறையப் பார்க்கிறேன். அது கேட்டது எதை என்றுதான் சொல்லும், கிடைத்தது எது என்று சொல்லாது.

பெயர் கிடைத்துவிட்டது. லைவ் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாமா?

பெயரை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். வெவ்வேறு சர்வர்களில் ஒரே பெயரில் டேட்டாபேஸ் வைப்பது சாதாரணம். அப்ளிகேஷன் கோடை மாற்ற வேண்டாமே என்று வேண்டுமென்றே அப்படி வைப்பவர்கள்தான் அதிகம். பெயரோடு இயந்திரத்தையும் கேளுங்கள். ஆரக்கிளில் 'சர்வர்_ஹோஸ்ட்', மைஎஸ்க்யூஎல்லில் @@ஹோஸ்ட்நேமும் @@போர்ட்டும், போஸ்ட்கிரெஸில் இனெட்_சர்வர்_அட்ரஸ்(). கடைசியாகச் சொன்னது, அதே இயந்திரத்தின் யூனிக்ஸ் சாக்கெட் வழியாக நுழைந்திருந்தால் நல் தரும். டாக்கர் போன்ற கன்டெய்னருக்குள் ஓடும் மைஎஸ்க்யூஎல், ஹோஸ்ட்நேம் என்று கேட்டால் பொதுவாக கன்டெய்னரின் அடையாள எண்ணையே கொடுக்கும். அதை வைத்து ஒன்றும் புரியாது.

என் விருப்பம் வேறு. ஒவ்வொரு டேட்டாபேஸிலும் சூழல் என்ன என்று சொல்லும் ஒற்றை வரிசை டேபிள் ஒன்றை வைத்து, எல்லோருக்கும் படிக்கும் உரிமை கொடுத்துவிட வேண்டும். லைவை நகலெடுத்து டெஸ்ட் உருவாக்கும் ஸ்கிரிப்டின் முதல் வேலையே அந்த வரிசையைத் திருத்துவதாக இருக்கட்டும். ஆபத்தான வேலை செய்யும் எந்த ஸ்கிரிப்டும் முதலில் அதைப் படித்துவிட்டு, எதிர்பார்த்த சொல் இல்லையென்றால் நின்றுவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு வி$டேட்டாபேஸ்தான் வேண்டும். டிபிஏவிடம் எப்படிக் கேட்பது?

டிபிஏ ரோல் கேட்காதீர்கள், கிடைக்காது. கிடைத்தால் அந்த இடத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். செலக்ட் எனி டிக்ஷனரி என்ற பரந்த உரிமையும் இதற்கு அதிகம். எந்த வியூ, எதற்காக, எந்த யூசருக்கு என்று எழுதி, தேவையான வரியையும் கூடவே கொடுங்கள்:

கிராண்ட் செலக்ட் ஆன் வி_$டேட்டாபேஸ் டு (உங்கள் யூசர் பெயர்);

நடுவில் இருக்கும் அடிக்கோட்டை விட்டுவிடாதீர்கள். வி$டேட்டாபேஸ் மீது கிராண்ட் கொடுக்கப் போனால் ஓஆர்ஏ-02030 வரும். கிராண்டைப் பொதுவாக சிஸ் யூசராக நுழைந்து போடுவார்கள். வேறு யூசராகப் போட்டால் வியூவின் பெயருக்கு முன்னால் சிஸ் என்று சேர்க்க வேண்டியிருக்கும்.